திருத்தங்கல் சாலையில் மூன்று நாற்காலிகள்

சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் தங்கை எஸ்தரும் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்து ஏறியது தீக்காய நோயாளிகளைப் பார்ப்பதற்காக என்றே எங்கள் வீட்டில் நம்பினார்கள்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. எஸ்தர் சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள், திருமணம் செய்துகொள்ளாதவள். அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் இன்றைக்கும் அவளைத் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அழைக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற விதவை. தங்கைக்குத் துணையாக அக்காள் போகிறாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன் சாமுவேல். தலைமையாசிரியராக இருந்தவன், சபைக் கமிட்டியில் அவன் பேசினால் மறுபேச்சு கிடையாது. அப்பாவின் வீட்டில் அவனும் அவன் மனைவி ஜெயாவும் நாங்களுமாக நான்கு பேர். சனிக்கிழமைகளின் குடும்ப ஜெபத்தில் அவன் கண்களை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, அக்காளும் தங்கச்சியும் இன்னிக்குப் பாத்துட்டு வந்த பிள்ளைகளுக்குப் பூரண சுகம் தாரும்” என்று மன்றாடுவான். எஸ்தர் என் பக்கம் திரும்ப மாட்டாள். நானும் அவள் பக்கம் திரும்ப மாட்டேன். ஜெயா மட்டும் ‘ஆமென்’ சொல்லச் சற்றுத் தாமதிப்பாள்.

அந்த மாலைகளை நாங்கள் கழித்தது காப்பிக் கடைகளில்.

மாடியில் ஓர் ஆனி மாலை

அவற்றில் ஒரு மாலை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்கிறது. ஆனி மாதம். சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகும் சாலையில், ஒரு மாடியில், கயிறு பின்னிய நாற்காலிகள் போட்ட கடை. கீழே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. மழை வரும்போலக் காற்று எழுந்து, வராமலே அடங்கியது. எஸ்தரின் காப்பியில் நுரைமேல் வரைந்திருந்த இலை கலையாமல் இருந்தது. அதைக் கலைக்க மனம் வராமல், குழந்தையைப் போல ஓரத்திலிருந்து உறிஞ்சிக் குடிப்பது அவள் பழக்கம்.

எங்களுக்கு எதிரே அருளப்பன் உட்கார்ந்திருந்தார். அச்சகம் ஒன்றில் ஃபோர்மேன். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் முதலாளி விடாமல் வைத்துக்கொண்டவர். மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் கோயம்புத்தூரில். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. நகக்கண்களில் எப்படிக் கழுவினாலும் போகாத நீல மை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டீச்சர், வார ஞாயித்துக்கிழமை நான் விருதுநகர் வாரேன். உங்க தம்பிகிட்ட நேர்ல பேசிருறேன். இனியும் தள்ளிப்போட்டா நல்லாருக்காது.”

“என்ன பேசப் போறீக?” என்று, ஒன்றும் தெரியாதவளைப் போலக் கேட்டேன்.

“அது வந்து... சிஸ்டரைப் பத்தித்தான்.”

“சிஸ்டரைப் பத்தி என்ன?” என்றாள் எஸ்தர். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

“பொண்ணு கேக்கத்தான்,” என்று அவர் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

“அறுபது வயசுப் பொண்ணு! எங்கண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டு, ‘எந்தப் பொண்ணு, எங்கன இருக்கு’ன்னு கேக்கும்.”

மூவரும் சிரித்தோம். பக்கத்து மேசை இளைஞர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அது அடங்குவதற்குள் அருளப்பனின் கைப்பேசி அடித்தது. திரையில் முதலாளியின் பெயர்.

அந்த அழைப்புக்குத் திரும்பி வருகிறேன். இந்த வாரம் அந்தச் சனிக்கிழமைகளை எழுதட்டுமா என்று எஸ்தரிடம் அனுமதி கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: “எழுதுக்கா. ஆனா ஒப்பாரி மாதிரி எழுதிராத. நல்லாச் சாப்பிட்டோம்னு எழுது.”

ஆகவே முதலில் சாப்பாட்டைப் பற்றி.

உட்கார ஓர் இடம்

சிவகாசி மாநகராட்சி ஆன காலத்தை ஒட்டி அந்தச் சாலை முகம் மாறத் தொடங்கியது. பட்டாசு முதலாளிகளின் பிள்ளைகளும் அச்சக முதலாளிகளின் பிள்ளைகளும் வெளியூர்களில் படித்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அப்பாவின் கம்பெனிக்குப் போவதற்கு முன் ஆளுக்கொரு காப்பிக் கடை திறந்தார்கள். காகிதக் கட்டு அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் சுவரைச் சுரண்டிச் செங்கல் தெரியவிட்டு, மேலிருந்து மஞ்சள் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். பூசின சுவரை எதற்காகச் சுரண்டுகிறார்கள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. மறு ஆண்டில் அதைப் போல இன்னும் சில முளைத்தன. மரப் பலகையில் பர்கர், மண் சட்டியில் பாஸ்தா, கண்ணாடிக் குடுவையில் எலுமிச்சைச் சாறு. சனிக்கிழமை சாயங்காலமானால் சாலையின் இருமருங்கும் பைக்குகள்.

எங்கள் பக்கத்தில் பரோட்டாக் கடைக்கும் டீக்கடைக்கும் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அங்கே சாப்பிடலாம், குடிக்கலாம், உட்கார முடியாது. இலையை எடுத்ததும் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அதிலும் நரைத்த ஆணும் நரைத்த பெண்ணும், கணவன் மனைவியாக இல்லாதவர்கள், பேசிக்கொண்டு உட்கார இந்த மாவட்டத்தில் எங்கே இடம்? ஆலய வாசலில் நிற்கலாம். துக்க வீட்டில் எதிரெதிர்ப் பந்தலில் இருக்கலாம். பேருந்து நிலையத்தில் எதிர்பாராமல் பார்த்ததுபோல ஐந்து நிமிடம் பேசலாம். அதற்குமேல் நீடித்தால், நாம் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வாசித்த அயல்நாட்டு நாவல்களில் காப்பிக் கடை என்பது புரட்சி பேசும் இடம், காதலர் பிரியும் இடம், எழுத்தாளன் கடன் சொல்லும் இடம். வகுப்பில் அவற்றைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது அந்தக் கடையை மனத்தில் உருவாக்க என்னால் முடிந்ததில்லை. திருத்தங்கல் சாலையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது: அங்கிருந்த இளைஞர்களுக்கு எங்களைத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆவலும் கிடையாது. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு விளக்கு ஏற்றும் நேரம்வரை இருந்தாலும் யாரும் எழுப்பவில்லை.

கடை கடையாக

கடைகளுக்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சுவரில் மிதிவண்டி மாட்டியிருந்தது சைக்கிள் கடை. விளக்கே போதாமல், மெனு அட்டையைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியிருந்தது இருட்டுக் கடை. மாடியில் இருந்தது கயிற்று நாற்காலிக் கடை.

வாரத்துக்கு ஒரு கடை என்பது அருளப்பனின் ஏற்பாடு. ஒரே கடைக்கு அடுத்தடுத்துப் போனால் முகம் பழகிவிடும் என்ற அச்சம் அதில் இருந்தது. ஆனால் போகப் போக அச்சம் மறந்து, நாங்கள் தீனிப் பிரியர்களாக மாறியிருந்தோம்.

அச்சுத் தொழில் ஊரில் மெனு அட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முதல் வாரமே கண்டேன். அருளப்பன் விலையைப் பார்க்கவில்லை, பெயரையும் பார்க்கவில்லை. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“மெஜண்டா தூக்கலா ஓடியிருக்கு. கோழி செவசெவன்னு இருக்கு பாருங்க, காய்ச்சக்காரன் மாதிரி.”

“கோழி வரட்டும், நாடி பிடிச்சுப் பாக்கேன்,” என்றாள் எஸ்தர்.

இன்னொரு கடையில் அட்டையே இல்லை. மேசையில் ஒட்டியிருந்த சதுரத்தைக் கைப்பேசியால் படம் பிடிக்கச் சொன்னார்கள். அருளப்பனின் முகம் வாடிவிட்டது. “அச்சாபீசு ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு அட்டை அடிக்க மாட்டேங்கானே! இவன் அப்பன் யாரு, எந்தக் கம்பெனி?” என்று, காப்பி வரும்வரை புலம்பினார்.

இருட்டுக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றுக்குப் பெயர் ‘பெரி பெரி’. எஸ்தர் பரிமாற வந்த பெண்ணை நிறுத்தினாள்.

“ஏம்மா, பெரி பெரிங்கது நோயில்ல? வைட்டமின் கொறஞ்சா கால் வீங்குமே, அது.”

“ஐயோ ஆன்ட்டி, அது மசாலா.”

“மசாலாவா? அப்பச் சரி. ரெண்டு பிளேட்டு கொண்டா. கால் வீங்குனா நான் பாத்துக்கிடுதேன்.”

ஒருமுறை புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்றின் மொட்டைமாடி உணவகத்துக்குப் போகும் வழியில், மின்தூக்கியிலிருந்து ஒரு தளம் முன்னதாகவே இறங்கிவிட்டோம். கதவைத் தள்ளினால் நீல வெளிச்சம், குளிர், இசை. அது பார் என்பது என் ஆசிரியை மூளைக்கு எட்டுவதற்குள் ஒரு மேசையிலிருந்து ஒருவர் பதறி எழுந்து, கையிலிருந்த கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பட்டாசுக் கம்பெனி மேனேஜர். அருளப்பனிடம் லேபிள் அடிக்க வருபவர்.

“அண்ணாச்சி... சும்மாதான். வடக்க இருந்து பார்ட்டி வந்திருக்காக, ஆர்டர் விஷயமா...”

“நாங்களும் சும்மாதான் வந்தோம்,” என்றார் அருளப்பன், இரண்டு பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு.

“வீட்ல ஒண்ணும்...”

“நீங்களும் ஒண்ணும்...”

இருவரும் ஒருவருக்கொருவர் கும்பிட்டுப் பிரிந்தார்கள். மேலே ஏறி உட்கார்ந்து எலுமிச்சை சோடா வந்த பிறகும் எஸ்தரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து முந்தானை நனைந்துவிட்டது. தீக்காயப் பிரிவிலிருந்து விடுமுறைக்கு வரும் நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த தங்கையைத்தான் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். இவளை அந்தச் சாலையில்தான் முதலில் பார்த்தேன்.

ஒரு மத்தாப்பு

அவர்களுடைய அறிமுகம் பழையது. எஸ்தர் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் அருளப்பனின் கை இயந்திர உருளைகளுக்கு இடையே சிக்கித் தோல் உரிந்தது. தீக்காயப் பிரிவில்தான் கட்டு மாற்றினார்கள். மாற்றியவள் எஸ்தர். “அவர் வலிக்குன்னு சொல்லவே மாட்டாருக்கா. ‘இன்னும் எம்புட்டு நாள்ல மிஷின்ல நிக்கலாம், சிஸ்டர்’னுதான் கேப்பாரு,” என்று அப்போதே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கை ஆறிய பிறகு ஒவ்வோர் ஆண்டும் வார்டுக்கு ஒரு தினசரி காலண்டர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஓய்வு பெற்ற ஆண்டில், அதைக் கொடுக்க விருதுநகர்ப் பேருந்து நிலையம்வரை வந்தார். அங்கே நின்று பேசிய ஐந்து நிமிடம் போதாமல்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின.

கடைசிவரை அவர் அவளைச் சிஸ்டர் என்றும் அவள் அவரை அண்ணாச்சி என்றுமே அழைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட இருவருக்கும் நாக்கு வரவில்லை.

இவர்களுக்கிடையே இருப்பதன் பெயர் என்ன என்று எனக்கு நிச்சயமானது சைக்கிள் கடையில். பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக்கின்மேல் கம்பி மத்தாப்பைச் செருகிக் கொளுத்தினார்கள். சிவகாசிக்காரர்கள் எங்கே மத்தாப்பு எரிந்தாலும் முதலில் செய்வது தரம் பார்ப்பது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, ‘பொறி கொட்டுது, நம்ம ஊர்ச் சரக்கு இல்ல’ என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்கள்.

எஸ்தர் திரும்பவில்லை. கையிலிருந்த முள்கரண்டி தட்டில் மெல்ல மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. மூடிய அறைக்குள் எரிந்த பட்டாசு மருந்தின் மணம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். வார்டில் இருந்தவரை கை நடுங்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது.

அருளப்பன் எழுந்தார். தம் நாற்காலியைத் தூக்கி வந்து, அவளுக்கும் அந்த மேசைக்கும் நடுவில் போட்டு, மத்தாப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பிறகு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்வதுபோல, தம் தெருவில் குடிநீர் வராததைப் பற்றி என்னிடம் விரிவாகப் பேசினார். மத்தாப்பு அணையும்வரை பேசினார். முள்கரண்டி நின்றது.

என் கணவர் நல்லவர். இருபது ஆண்டு இல்லறத்தில் அவருக்கு அது தோன்றியிருக்குமா என்று அன்று பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.

சீசன்

அப்படியானால் ஏன் உடனே பேசவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். சிவகாசியில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் உண்டு: சீசன் முடியட்டும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பல் பிடுங்குவது, மகளைப் போய்ப் பார்ப்பது, எல்லாம் சீசன் முடிந்து. பட்டாசுக்காரர்களுக்காவது தீபாவளியோடு மூச்சு விடக் கிடைக்கும். அச்சகத்துக்காரர்களுக்கு ஒன்று முடியுமுன் மற்றொன்று ஏறிவிடும். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள். ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியீடு. அதிலிருந்து பொங்கல்வரை காலண்டரும் டைரியும். கோடையில் பள்ளி நோட்டுப் புத்தகம். அது முடிந்தால் மறுபடியும் லேபிள்.

இதன் நடுவே எங்கள் சபைகளின் ஆண்டு வேறு. அருளப்பன் கத்தோலிக்கர், ஆர்.சி.; நாங்கள் புராட்டஸ்டண்டுகள், சி.எஸ்.ஐ. எந்த ஆலயத்தில் திருமணம் என்பதே பெரிய பேச்சு. எங்கே ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடுவே, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுச் சபை முழுவதும் திரும்பி எங்கள் வரிசையைப் பார்க்கும். பொங்கலோடு காலண்டர் வேலை ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் தவக்காலம் வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய அந்த நோன்பு நாட்களில் திருமணப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்தால் நோட்டுப் புத்தகத்துக்கு இயந்திரம் இரவும் பகலும் ஓடும்.

“இந்த லோடு போகட்டும், சிஸ்டர்.”

“போகட்டும் அண்ணாச்சி. என்ன அவசரம்?”

இப்படியே ஆண்டுகள் போயின. அவர்கள் துயரப்பட்டதாகவும் தெரியவில்லை. சனிக்கிழமை இருந்தது, அடுத்த கடை இருந்தது.

அந்த ஆனியில் மட்டும் ஓர் இடைவெளி தெரிந்தது. நோட்டுப் புத்தக ஆர்டர் முடிந்து, லேபிள் ஓட்டம் ஏறுவதற்குமுன் ஒரு வாரம் இயந்திரத்தைப் பழுதுபார்க்க நிறுத்துவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அருளப்பன் கயிற்று நாற்காலியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

மறுபடி அந்த மாடி

கைப்பேசியைக் காதில் வைத்தபடி அவர் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போனார். எங்களுக்குக் கேட்டது அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்.

“சொல்லுங்க மொதலாளி... அம்புட்டையுமா? பெட்டி ஒட்டியாச்சே... சரி... சரி... ஞாயித்துக்கிழமையா?”

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

பசுமைப் பட்டாசுக்கான முத்திரையில் ஏதோ மாற்றம். பழைய லேபிள்கள் செல்லாது. எல்லாவற்றையும் புதிதாக அடிக்க வேண்டும். பழுதுபார்ப்பு இல்லை, விடுமுறை இல்லை.

“என்ன சொல்லட்டும்?” என்று கைப்பேசியைப் பொத்திக்கொண்டு எஸ்தரிடம் கேட்டார்.

அவர் கேட்டார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதலாளியிடம் முடியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று, அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் எஸ்தரும் அதே மண்ணில் விளைந்தவள். தீபாவளி, கிறிஸ்துமஸ், அம்மாவின் அடக்கம் நடந்த நாளின் இரவு, எதற்கும் வார்டை விடாதவள்.

“போங்க அண்ணாச்சி,” என்றாள். “ஆர்டர் நின்னா எத்தனை பேருக்குக் கஷ்டம். ஒரு வாரந்தான?”

“ஒரு வாரந்தான்,” என்றார் அவர்.

நுரையில் இருந்த இலை அதற்குள் கரைந்துவிட்டிருந்தது. மீதிக் காப்பியை அவள் ஒரே மடக்கில் குடித்தாள்.

அந்த ஒரு வாரம் ஆடிவரை நீண்டது. ஆடிப்பெருக்கன்று அச்சகத்தில் ஆல்பம் வெளியீடு. சாமி படங்களுக்கு மாலை போட்டு, வாடிக்கையாளர்களுக்குக் கேசரியும் காப்பியும் கொடுக்கும்போது, தட்டை நீட்டிக்கொண்டிருந்த அருளப்பன் அப்படியே சாய்ந்தாராம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

“நீங்க என்ன வேணும்?”

சனிக்கிழமை அவர் வரவில்லை. சைக்கிள் கடையில் உட்கார்ந்து எஸ்தர் அவருடைய எண்ணை அழைத்தாள். எடுத்தது மகன்.

“அப்பாவுக்கு ஸ்ட்ரோக். மதுரையில வச்சிருக்கோம். நீங்க யாரு பேசுறீங்க?”

எஸ்தர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

“அவருக்குக் கையில அடிபட்டப்ப கட்டு மாத்துன நர்சு,” என்றாள்.

மறுநாள், மதுரையில் ஒரு சிறப்பு ஆராதனை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஓர் இளம் செவிலி. இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பெண்தான்.

“ஒரு ஆளுதாம்மா உள்ள போலாம். சொந்தக்காரங்க மட்டும். பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?”

பணிக்காலம் முழுவதும் எஸ்தர் ஒரு வாசலில் நின்று மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. மனைவி, அம்மா, அக்கா என்று பதில் வந்தால் வழி விடுவாள். பதில் வராதவர்களைத் திண்டாட விடாமல் பெஞ்சைக் காட்டுவாள். இப்போது அதே கேள்வி அவளிடம் வந்தது.

“தெரிஞ்சவுக,” என்றாள் முடிவில்.

“அப்ப அங்கன பெஞ்சுல உக்காருங்கம்மா. டைம் முடிஞ்சிருச்சு.”

உட்கார்ந்தோம். நெடுநேரத்துக்குப் பின் மகனே வெளியே வந்தான். தூக்கமில்லாத, நல்ல முகம். எங்களை அழைத்துப்போய்ச் சில நிமிடங்கள் காட்டினான். அருளப்பனின் வாய் ஒருபுறம் இழுத்திருந்தது. எஸ்தரைக் கண்டதும் அவர் தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. சொல்லாக அது திரளவில்லை. அவள் தலையணையைச் சரிசெய்தாள். குளுக்கோஸ் சொட்டும் வேகத்தைப் பார்த்தாள். “பயப்படாதீக அண்ணாச்சி” என்றாள். நேரம் முடிந்தது.

திரும்பும் பேருந்தில், திருமங்கலம் தாண்டியதும் நான் சொன்னேன்: “அந்தப் பையன்கிட்ட நான் பேசட்டுமா? புரிஞ்சுக்கிடுவான்.”

“என்னன்னு சொல்லுவ?”

“உள்ளதைத்தான்.”

“வேண்டாம்க்கா.” சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள். “அது அவர் வாயால சொல்ல வேண்டியது. அவர் ஆமான்னும் சொல்ல முடியாம, இல்லைன்னும் சொல்ல முடியாமக் கெடக்கையில நான் போயி, ‘உங்கப்பா என்னைக் கட்டிக்கிடுறேன்னாரு’ன்னு சொல்லவா? அவன் நம்பலைன்னா அவருக்குக் கேவலம். நம்புனாலும், கேட்டு வாங்குன மாதிரி ஆயிரும்.”

அவள் சொன்னதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

ஆவணியில் மகன் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனான். தந்தையைத் தனியே விடக் கூடாது என்று நினைத்த மகனை எப்படிக் குறை சொல்வது?

சாமுவேல்

சனிக்கிழமைப் பயணங்கள் நின்றன. சாமுவேலுக்கு எதுவும் தோன்றவில்லை. ஜெயாதான் ஒருநாள் அடுப்படியில், தோசைக்கல்லைத் துடைத்தபடி என்னிடம் ஆரம்பித்தாள்.

“ஏன் மதினி, இப்பல்லாம் நோயாளியப் பாக்கப் போறதில்லையோ?”

“நோயாளிக சொகமாயிட்டாக.”

“ம்ம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரவுக மேல டெட்டால் வாடையில்ல அடிக்கும்? நீங்க ரெண்டு பேரும் வெண்ணெய் வாடையோடல்ல வருவீக.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த ஆளுக்கு என்ன ஆச்சு மதினி? எஸ்தர் சாப்பிடவே மாட்டேங்கா.”

அவளுக்கு எவ்வளவோ முன்பே தெரிந்திருந்தது. சொன்னேன். அவள் அழுதாள். அன்று மாலையே கணவனிடம் சொல்லிவிட்டாள்.

சாமுவேல் கூடத்தில் எங்களை உட்காரச் சொன்னான். ஆண்டுக்கணக்கில் நாங்கள் அஞ்சி வந்த நேரம் அது. அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“ஏன்மா எஸ்தரு, எங்கிட்டச் சொல்லாம இருந்தீக?”

“ஆர்.சி.ண்ணே. இந்த வயசுல வேற. கமிட்டியில உங்களுக்குத் தலைகுனிவு...”

“கமிட்டியா? கமிட்டியாம்மா உனக்கு அண்ணன்?” அவன் கண்ணாடியைக் கீழே வைத்தான். “நீ தனியாவே இருந்திட்டியேன்னு அம்மா எங்கிட்டத்தான் சொல்லிட்டுச் செத்துச்சு. அந்த மனுஷன் வரணும்னு கூட இல்ல. சொல்லியிருந்தீகன்னா நானே சிவகாசிக்குப் போயி, அவுக கோயில் சாமியாரையும் பாத்து, ஓலையும் வாசிக்க வச்சிருப்பேனே.”

எஸ்தர் அதுவரை, மருத்துவமனையிலும் பேருந்திலும்கூட, அழாமல் இருந்தாள். அன்று அழுதாள். சாமுவேல் மறுத்திருப்பான் என்ற எண்ணமே அவளுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கிறது. எப்படியும் நடந்திருக்காது என்று இருப்பது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நடந்திருக்கும் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தை மாதத்தில் நால்வருமாகக் கோயம்புத்தூர் போய் வந்தோம். எதுவும் சொல்வதில்லை என்று எஸ்தர் சாமுவேலிடம் வாக்கு வாங்கியிருந்தாள், அவனும் காப்பாற்றினான். அருளப்பனின் மருமகள் அன்பாகக் கவனித்தாள். எட்டிப் பார்த்த அண்டை வீட்டுப் பெண்ணிடம், “மாமாவுக்கு ஊர்ல வைத்தியம் பார்த்த நர்சம்மா, குடும்பத்தோட வந்திருக்காங்க” என்று அறிமுகம் செய்தாள். எஸ்தர் அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னாள். அருளப்பன் நாங்கள் இருந்த நேரம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது சாமுவேல் அவருக்காக ஜெபித்தான். பாதியில் நிறுத்திவிட்டு, அவர் தோளில் கைவைத்தபடி சும்மா நின்றான்.

திருத்தங்கல் சாலையில் இன்னும் புதுக் கடைகள் திறந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

அருளப்பன் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார், பேச்சு திரும்பவில்லை. விருதுநகர் வீட்டில் சாமுவேலும் ஜெயாவும் எஸ்தரும் நானும் இருக்கிறோம்.